பனங்காயும் குருவியும்

உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டிய அந்த வீட்டு வாசலில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. நாளை பதினொரு வயது இளமதிக்கு முதல் துப்பாக்கி சுடும் போட்டி. மறைந்த தந்தையின் ஏர் ரைஃபிளை எடுத்து, தோளில் பதியும் அதன் மர அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் பொருத்தி அளவு பார்க்கிறாள்; விரல் விசையை எட்டவில்லை. தாய் வளர்மதி நீளத்தைக் குறைக்க, கட்டையின் முனையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிக் கோடிழுத்து ரம்பத்தை எடுக்கிறாள். கொழுந்தன் மோகன் ஓடிவந்து கோட்டின் மேல் உள்ளங்கையை வைக்கிறான். "வெட்டாதீங்க அண்ணி. முழுசா இருந்தா எம் பையன் வளந்தப்புறம் அவனுக்கு ஆவும்." "அவன் இன்னும் தொட்டில்ல கீறான். அதுவரிக்கும் இவ வேடிக்க பாத்துக்கினு இருக்கணுமா?" "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? குருவி தலையில பனங்காய வெக்காதீங்க." "அந்தப் பனங்காயத்தான் அறுக்கறேன், மோகன். கைய எடு." அவன் எடுக்கவில்லை. இளமதி மண்டியிட்டுக் கட்டையை முழங்காலால் அழுத்திக்கொண்டு, சித்தப்பாவை இமைக்காமல் பார்க்கிறாள். வளர்மதி ரம்பத்தை அவன் விரலுக்கு ஒரு நூல் தள்ளி வைத்து இழுக்கிறாள். பழைய வார்னிஷ் வாசம் எழுகிறது. மரத்தூள் நகக்கண்களில் உதிரத் தொடங்கிய பின்புதான் மோகனின் கை மெல்ல விலகுகிறது. ரம்பம் அதற்காகக் காத்திருக்கவில்லை.