சுவர் உயர்ந்த காரணம்

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டாள். எழுதவில்லை.

படிவத்தில் கதவு எண், தெருவுக்குக் கீழே இரண்டு கட்டங்கள். சுவரின் உயரம். புகாருக்கான காரணம்.

முதல் கட்டத்தை நிரப்பியாயிற்று. ஒன்பதடி. நகராட்சி ஆய்வாளர் இப்போதுதான் டேப் வைத்து அளந்து சொன்னார். இந்த மனைப்பிரிவுக்கு அனுமதித்ததைவிட மூன்றடி அதிகம்.

காலை பத்து மணி. அவளுக்குப் பின்னால் சமையலறையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. சுவர் எழும்பிய நாளிலிருந்து பகலிலும் அதை அணைக்க முடிவதில்லை.

ஆவணியில் குடிவந்தார்கள். அப்போது அது நாலரை அடிச் சுவர். பக்கத்து வீட்டுச் சென்னியப்பன் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அவள் கணவன் மாதேஸ்வரனிடம் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிப் பேசுவார். ஒருமுறை ஒரு கட்டு முருங்கைக்காய் நீட்டினார்.

தை மாதம் மகளுக்குக் காதுகுத்து. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள்.

சென்னியப்பன் வேன் டிரைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். எந்த ஊர் என்றல்ல. ஊரில் எந்தப் பக்கம் என்று.

மறுவாரம் செங்கல் லோடு இறங்கியது.

கொத்தனார் வரிசை வரிசையாக ஏற்றிக்கொண்டே போனார். இரண்டாம் நாள் சென்னியப்பனின் தலை மறைந்தது. மூன்றாம் நாள் அவர் வீட்டு ஜன்னல்.

அப்புறம் வெயில்.

“தூசி வருதுங்க. அதான் ஒசத்துனேன்” என்று ஆய்வாளரிடம் சென்னியப்பன் சொல்லியிருந்தார்.

அவள் வீட்டைச் சுற்றி முழுக்கச் சிமெண்டுத் தரை. தினம் இரண்டு வேளை கூட்டுகிறாள்.

ஆய்வாளர் சின்ன வயதுக்காரர். குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், உயரத்தை மட்டும் எழுதுங்க. பத்து நாள்ல மூணடியை எறக்கச் சொல்லி உத்தரவு வாங்கித் தர்றேன். நீங்க வாயால சொன்ன காரணத்தை எழுதுனா அது வேற கேஸ். போலீசு, தாசில்தாருன்னு சுத்தும். வருசமாகும்.”

மாதேஸ்வரன் அவள் பக்கம் குனிந்தான்.

“வெளிச்சம் வந்தாப் போதாதா புள்ள?”

தபால் ஆபீசில் தினம் எத்தனையோ பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவள். எந்தக் கட்டத்திலும் அவள் கை இப்படி நின்றதில்லை.

பத்து நாள். மூன்றடி இறங்கிவிடும். வெயில் வரும். விளக்கை அணைக்கலாம்.

மூன்றடிக்காக ஆபீஸ் ஏறியவள் என்று தெருவில் பேசுவார்கள். அந்த மூன்றடி எதற்காக ஏறியது என்று எந்தத் தாளிலும் இருக்காது.

போன வாரம் மகள் கேட்டாள். அந்தத் தாத்தா ஏம்மா இப்பெல்லாம் பேசறதில்ல?

தூசி வருதாம் சாமி, என்று சொல்லியிருந்தாள் இவள்.

இவளே சொல்லியிருந்தாள்.

பேனா தாளில் இறங்கியது.

எங்கள் சாதி என்னவென்று தெரிந்த பிறகு இந்தச் சுவர் உயர்த்தப்பட்டது. அதற்கு முன் நாலரை அடிதான் இருந்தது.

திருத்தவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள்.

ஆய்வாளர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“வருசமாகும் மேடம்.”

“ஆவட்டுங்க.”

சாட்சி என்ற இடம் காலியாக இருந்தது. மாதேஸ்வரன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினான். அவன் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிற்று.

புகாரை இரண்டு தரப்புக்கும் படித்துக் காட்ட வேண்டும். அது விதி. ஆய்வாளர் சுவரைப் பார்த்து, சென்னியப்பனை இந்தப் பக்கம் வரச் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

“அங்கெல்லாம் வர்றதுக்கில்லீங்க. நீங்க படிங்க. இங்கிருந்தே கேட்டுக்கறேன்.”

ஆய்வாளர் படிக்க ஆரம்பித்தார். கதவு எண். தெரு. உயரம். காரணத்துக்கு வந்ததும் அவர் குரல் இறங்கியது. பக்கத்தில் நின்ற அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“சார்” என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

“சொவரு ஒசரமுங்க. சத்தமாப் படிங்க.”

அவர் அவளைப் பார்த்தார். மாதேஸ்வரனைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு காரணத்தின் முதல் சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினார்.

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், கையிலிருந்த ஈரச் சேலையோடு திரும்பி நின்றாள்.