துருப் பிடித்த தகடு

“திருடுறியா, ரோஜா?”

ஆய்வுக்கூடத்தின் வாசலிலேயே உறைந்து நின்றார் பேராசிரியை அருணாதேவி.

அவருடைய ஆய்வு மாணவி, உப்புநீர்த் தட்டிலிருந்த பளபளப்பான எவர்சில்வர் தகட்டை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பதிலாக வைக்க, பழுப்புப் புள்ளி விழுந்த சாதாரணத் தகடு மறு கையில் தயாராக இருந்தது.

“ஆய்வுல ஒரு புள்ளியை மாத்தினாலும் பொய்தான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நீ தகட்டையே மாத்துறியே!”

நைட்ரஜன் பிளாஸ்மா என்னும் மின்னேற்ற வாயுவில் வைத்து மேற்பரப்பைப் பதப்படுத்திய தகடு அது. மாதக்கணக்கில் உப்புநீரில் ஊறியும் துரு அதை அண்டவில்லை. ரோஜாவின் முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. சிவகாசிப் பட்டாசு முதலாளி சீனிச்சாமி அதைப் பார்த்து ஆர்டர் கொடுக்கச் சற்று நேரத்தில் வரவிருந்தார்.

“யாருக்கு விக்கப் போறே?”

“விக்கல மேடம். முதலாளி கண்ணுல இது படக் கூடாது, அம்புட்டுத்தான். வெடிமருந்து கலக்குற பித்தளைக் கரண்டி, தட்டெல்லாம் அரிச்சுப்போகுதாம். இனிமே இதுல செய்யப் போறாகளாம்.”

அருணாதேவிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“மருந்து கலக்கவா? தண்ணித் தொட்டிக்குன்னுல்ல என்கிட்டச் சொன்னாரு! பித்தளைன்னா பொறி வராது, இது உரசினா பொறி பறக்குமே! பிளாஸ்மாவுல இன்னும் கெட்டியாகியிருக்கு!”

“நேத்தே சொல்லிப் பார்த்தேன். ‘துருப் பிடிச்ச இரும்புலதாம்மா பொறி வரும். துருவே இல்லாததுல எங்கிட்டு வரும்?’னு சிரிக்கிறாக.”

“அப்போ உன் பட்டம்?”

“வேற தகட்டுல வாங்கிக்கிடலாம் மேடம். எங்கம்மா அவுக கம்பெனியிலதான் மருந்து கலக்குறாக.”

வெளியே கார்க் கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது.

அருணாதேவி ஒரு கணம்தான் யோசித்தார். ரோஜாவின் கையிலிருந்த பழுப்புத் தகட்டை வாங்கி, உப்புநீர்த் தட்டில் தாமே போட்டார். நல்ல தகடு இருந்த அவளுடைய கைப்பையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டார்.

“என்ன டீச்சரம்மா, நம்ம தகடு செயிச்சிருச்சா?” சிரித்தபடியே உள்ளே வந்தார் சீனிச்சாமி.

“தோத்துப் போச்சுங்க, அண்ணாச்சி. நீங்களே பாருங்க, ஒரே துரு!”