வீட்டுக்காரரின் செருப்பு

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடைவீட்டு வாசலில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஜப்பான்காரன் தோற்று, அவன் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டு வெறுங்காகிதமாவதற்குள் அதை வீடாக்கிவிடத் துடிக்கிறார் குமாஸ்தா குலசிங்கம். தரகர் காட்டிய வக்கீலை ஒதுக்கிவிட்டு, பத்திரம் பார்க்கத் தெரிந்த நூருல் அமீனைத் தானே கூட்டிவந்த கெட்டிக்காரத்தனம் அவர் மீசையில் தெரிகிறது. அமீன் தாளைத் திருப்பிப் பார்க்கிறார். “வீட்டுக்காரர் எங்கே?” “ஜப்பான்காரன் லாரியில ஏத்திட்டுப் போயிட்டான். அவரு தம்பி கையெழுத்துப் போடுவாரு லா,” என்கிறார் தரகர். வாசற்படியில் குந்தியிருக்கும் வீட்டுக்காரரின் மனைவி ஓர் ஆண் செருப்பின் தூசியை முந்தானையால் துடைக்கிறாள். “அண்ணன் செத்ததுக்கு அத்தாட்சி இல்லாம தம்பி கையெழுத்து செல்லாதுங்க. வாங்காதீங்க,” என்று அமீன் குரலைத் தாழ்த்துகிறார். குலசிங்கத்தின் மீசை தொங்கிப்போகிறது. பணப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளிடம் சொல்கிறார்: “அவர் வரட்டும் தங்கச்சி. அவரோடயே விலை பேசுறன்.” அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், பிறகு செருப்பை வெயில் படாத பக்கமாக நகர்த்தி வைக்கிறாள்.