மூன்றாம் ஓலை

ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பை எடுத்து, மூன்றாம் ஓலை என்று பங்குச்சாமி சொன்னதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நம் பங்கைச் சேர்ந்த ரெக்சனுக்கும், மணக்கரைப் பங்கு மரிய சூசை, காலஞ்சென்ற வெரோணிக்கா ஆகியோரின் மகள் ஜாஸ்லினுக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

காலஞ்சென்ற.

இத்தோடு மூன்று ஞாயிறு. மூன்று தடவை செத்தாயிற்று.

வெரோணிக்கா இதோ கடைசி பெஞ்சில் முக்காட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

அடப்பாவி மனுசா. உன் அடி தாங்காமல் ஓடிவந்து பதினோரு வருசம். அதற்குப் பிறகு பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை. போகட்டும். ஆளையே சாகடிக்கவும் வேண்டுமா?

பிள்ளையும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாளோ?

அதுதான் தாங்க முடியவில்லை.

எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் என்ன பேசுவார்கள்? புருசனை விட்டு ஓடினவள் மகள் என்பார்கள். தாயில்லாப் பிள்ளை என்றாலாவது இரக்கப்படுவார்கள்.

ஆண்டவரே, எத்தனையோ ஊர் இருக்க எதுக்கு என்னை இங்கே கொண்டுவந்து போட்டீர்? பதினோரு வருசமா உம்ம பீடத்துக்குப் பூ வைக்கிறேன். ஒரு பதில் சொன்னீரா?

இன்றைக்கும் சொல்லவில்லை.

சரி, நீரே பாத்துக்கும்.

வேறு யாரிடம் விட முடியும்? வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

பூசை முடிந்தது. கோயில் காலியானது.

பீடத்தில் வாடிய பூவை அள்ளிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அவள் எல்லோருக்கும் பூவக்கா. ஞானஸ்நானப் பெயரை ஒருவரும் கேட்டதில்லை.

பங்குச்சாமி வந்தார்.

"பூவக்கா, புதன்கிழமை கல்யாணம். பீடம் ஜோடிக்கணும். சம்பங்கி நிறைய வையுங்க, வாசமா இருக்கட்டும்."

"ஐயோ, சம்பங்கி வேண்டாம் சாமி. அவளுக்கு மூச்சு முட்டும்."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது.

போகத் திரும்பியவர் நின்றார்.

கையிலிருந்த ஓலையைப் பிரித்தார். மெதுவாக, ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"அம்மா, உங்க முழுப் பேரு என்ன?"

அவள் அவரைப் பார்க்கவில்லை.

கையில் பழைய பூவோடு, பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.