பதினெட்டு முறை திட்டியவர்

இதை எனக்குச் சொன்னவர், அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுத்த ஆபீஸ் அக்கா. நான் அறைக்குள் இல்லை. பேச்சில் ஒன்றிரண்டு வார்த்தை முன்னே பின்னே இருக்கலாம்.

வானியல் ஆய்வு மையத்தில் அன்று ஒரே ஒருவரின் வேலையைப் பற்றித்தான் கூட்டம். எட்டு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்த ஆராய்ச்சியாளர். ஒன்றையொன்று சுற்றிவரும் ஒரு ஜோடி நட்சத்திரத்தையே கட்டிக்கொண்டு அழுததால், எல்லோருக்கும் அவர் ‘ஜோடி மேடம்’.

விதி இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். வேலை நிரந்தரமாக, மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் உங்கள் கட்டுரையை நூறு தடவையாவது மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். வேண்டியவர்கள் காட்டியது சேராது. நூறுக்குக் குறைந்தால் மாதக் கடைசியோடு வீட்டுக்கு.

“மொத்தம் நூத்தி முப்பத்தொண்ணு,” என்றார் அக்கா.

“யார் யார் காட்டினதுன்னு படிம்மா,” என்றார் தலைவர்.

“அவங்க கைடு, பதினாறு.”

“வேண்டியவர். அடிச்சிடு.”

“கூடப் படிச்ச தோழி, பன்னிரண்டு.”

“தோழி நல்லா இருக்கட்டும். அடிச்சிடு.”

வாசல் பக்க நாற்காலியில் ஜோடி மேடம் மனசுக்குள் கழித்துக்கொண்டே வந்தார். நூற்று மூன்று.

“அடுத்து…” அக்கா இழுத்தார். “நம்ம சார்தான். பதினெட்டு.”

எல்லோரும் மேஜையின் மறுகோடியில் இருந்த உறுப்பினரைப் பார்த்தார்கள். மாணவர்கள் வைத்த பெயர், மிளகாய் சார். அவருக்கும் ஜோடி மேடத்துக்கும் ஆகாது என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். சார் எதைப் பற்றிக் கட்டுரை எழுதினாலும் முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: ‘அந்த ஜோடி ஒரு சுற்று முடிக்க ஆகும் நாட்களை இவர் தவறாக அளந்திருக்கிறார்.’

“அதையும் அடிங்க,” என்றார் மிளகாய் சார்.

“எதுக்கு?”

“நான் எங்க மேற்கோள் காட்டினேன்? திட்டியிருக்கேன். பதினெட்டு தடவை. திட்டு வாங்கினதுக்கெல்லாம் மார்க் போடுவீங்களா?”

அடித்தால் எண்பத்தைந்து. மேடம் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் அதற்கு முந்தின வாரமே பாதிச் சாமானைப் பெட்டியில் போட்டுவிட்டார்களாம்.

தலைவருக்கு யாராவது தனக்கு விதி சொல்லிக் கொடுத்தால் பிடிக்காது. அக்கா பக்கம் திரும்பினார்.

“திட்டி எழுதினா கழிக்கணும்னு இருக்காம்மா?”

“இல்ல சார். வேண்டியவங்க எழுதினா மட்டும்தான்.”

“அப்போ நீங்களே சொல்லுங்க சார். இவங்களுக்கு நீங்க வேண்டியவரா?”

“நானா?” மிளகாய் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “இந்த அம்மா நின்ன பக்கம் நான் நின்னு டீகூடக் குடிக்க மாட்டேன்.”

“எழுதிக்கோம்மா. வேண்டியவர் இல்லை, அவரே ஒத்துக்கிட்டார்.”

சிரிப்பு கிளம்பியது.

“அநியாயம். நான் எதிர்ப்புத் தெரிவிச்சேன்னும் எழுதுங்க.”

“அதையும் எழுதிக்கோ. அடுத்த பேரைப் படி.”

மீதிப் பேர்கள் எல்லாம் முகம் தெரியாத வெளியூர்க்காரர்கள். ஒன்றும் அடிபடவில்லை. நூற்று மூன்று அப்படியே நின்றது. வேலை நிரந்தரம். மிளகாய் சார் கடைசி ஆளாக, தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

மேடம் பின்னாலேயே ஓடினார். ஃபைலோடு வந்துகொண்டிருந்த அக்காவின் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

“சார், ஒரு நிமிஷம். எங்க தப்பா அளந்தேன்னு சொல்லுங்க. இப்பவாவது திருத்திடறேன்.”

“திருத்திக் கிருத்தி வச்சிடாதே. இருக்கறது அப்படியே இருக்கட்டும்.”

நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டாராம்.

“ஜெயிச்சவங்ககிட்ட ஒரு வார்த்தை நல்லதா சொல்ல வாய் வரல பாரு. மனசு முழுக்க விஷம்,” என்று முடித்தார் அக்கா.

கேட்டதை அப்படியே எழுத எனக்குப் பயம். நூலகத்தில் உட்கார்ந்து சாரின் பதினெட்டுக் கட்டுரைகளையும் எடுத்துப் பார்த்தேன். திட்டு உண்மைதான். பதினெட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், அவர் தன் கணக்குகளுக்கு எடுத்துக்கொண்ட அளவுகளின் பட்டியல். அந்த ஜோடிக்கு எதிரே பதினெட்டிலும் அவர் போட்டிருந்தது, ஒரு புள்ளிகூட மாறாமல், மேடம் அளந்த அதே எண்.