சிரிப்பு மட்டும் பாக்கி

சிரிப்பு வரவில்லை.

திரையில் அந்தச் சீமாட்டி விசிறியை மடக்கிவிட்டுச் சிரிக்கிறாள். வாய் திறக்கிறது. தோள் குலுங்குகிறது. மைக்குக்கு முன்னால் நின்று அவளுக்குக் குரல் கொடுப்பவளின் தொண்டையிலிருந்து வந்ததோ இருமல் மாதிரி ஒன்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஜெபராஜ் ஒரு விரலைக் காட்டினான். இன்னொன்று போகலாம் என்று அர்த்தம்.

காலையிலிருந்து மற்ற வசனமெல்லாம் தடங்கலில்லாமல் முடிந்துவிட்டது. சிரிப்பு மட்டும் பாக்கி.

பிரெஞ்சுக்காரர்களின் பழைய நாவல் ஒன்று. பணக்கார விதவை ஒருத்தி ஒரு பெண்பித்தனோடு பந்தயம் கட்டுகிறாள். அவன், ஜெபமும் மாதா கோயிலுமாக இருக்கும் ஒரு குடும்பப் பெண்ணை மயக்கிக் காட்டுகிறான். இதைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்க அவர்களுக்கு அலுப்பதே இல்லை.

முதல் படம் தமிழுக்கு வந்தபோது இவள் அந்தக் குடும்பப் பெண்ணுக்குப் பேசினாள். ஒரு தனியார் டிவியின் மத்தியானப் படம். இப்போது வேறு டைரக்டர், வேறு நடிகர்கள், செல்போனில் பார்க்கிற ஜனம். இவளுக்கு விதவை வேஷம், விசிறிச் சீமாட்டி.

பெண்பித்தனுக்குப் பேசியவனுக்கு மட்டும் பதவி உயர்வு கிடையாது. அன்றும் அவன்தான், இன்றும் அவன்தான்.

இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டதும் பழைய படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். யாரோ புண்ணியவான் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தான். அதில் எல்லாரும் முகத்தில் ஒரு படி மாவைப் பூசிக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடக்கிறார்கள். புதிய படத்தில் பவுடரும் இல்லை, தோட்டமும் இல்லை. கதவைச் சாத்திய அறைகள்தான்.

பழைய படத்தில் பெண்பித்தன் கத்திக்குத்துப் பட்டுச் சாகும்போது, உன்னை நிஜமாகவே நேசித்தேன் என்று அந்தப் பெண்ணிடமே சொல்கிறான். பின்னால் வயலின் கதறுகிறது.

அப்போதெல்லாம் குரல் கொடுக்கும் இரண்டு பேருக்கும் ஒரே மைக். தோள் இடிக்க நின்று பேச வேண்டும். வசனத் தாள் சரசரக்காமல் அவன்தான் பிடித்துக்கொள்வான். அந்த வசனத்தை அவன் சொன்னபோது இவள் நம்பினாள். படத்துக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நம்பினாள்.

படம் டிவியில் வருவதற்குள் அவன் வேறொரு குரலோடு போய்விட்டான்.

இவள் யாரோடும் போகவில்லை. வீட்டில் பேச ஆளில்லை. கேட்பவர்களிடம் தொண்டையை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லுவாள்.

புதிய படத்தில் பெண்பித்தன் அதே விஷயத்தை அந்தப் பெண்ணிடம் சொல்வதில்லை. விதவையிடம் வந்து சொல்கிறான். அவள் சிரிக்கிறாள். அவன் சொன்னது நிஜமா, அதுவும் ஒரு நடிப்பா, டைரக்டர் காட்டிக்கொடுப்பதில்லை. இவளுக்குப் பழைய படமே தேவலை என்று பட்டது. பொய்யென்றாலும் முகத்துக்கு நேரே சொன்னான்.

இப்போது ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு டிராக். அவன் போன வாரமே பேசி முடித்துவிட்டான். ஹெட்போனில் மட்டும் இருக்கிறான்.

"விளையாட்டாகத்தான் தொடங்கினேன். ஆனால், அவளை நேசித்துவிட்டேன்."

'நேசித்து' என்பதற்கு முன்னால் தொண்டை லேசாக அடைத்தது. அவனுடைய பழைய வித்தை. இவள் அன்றைக்கு விழுந்ததே அந்த அடைப்பில்தான். இன்றைக்கு அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும். நன்றாகத்தான் வேலை கொடுக்கிறார்கள்.

மறுபடி இருமல்.

அவன் பேசிய வெட்டாத டிராக்கை முதலிலிருந்து கேட்டால் ஒருவேளை மூடு வரும் என்றான் ஜெபராஜ். போட்டான். வசனம் வந்தது. அடைப்பு வந்தது. முடிந்தது. ஜெபராஜ் நிறுத்த மறந்துவிட்டான்.

ஹெட்போனில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவனுடைய சாதாரணக் குரல். கிழடு தட்டியிருந்தது.

"இதுக்கு யாருப்பா சிரிக்கிறது?"

"அனுசுயா மேடம், சார்." இவள் பெயரைச் சொன்னது ஜெபராஜின் குரல்.

ஜெபராஜின் கை அவசரமாகப் பட்டனுக்குப் போயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவள் கையை உயர்த்தினாள். ஓடட்டும்.

ஹெட்போனில் நாற்காலியை மறுபடி இழுத்துப் போடும் சத்தம்.

"அப்ப இன்னொண்ணு எடுத்துக்கலாம்பா."

அதே வசனம். இந்த முறை தொண்டை அடைக்கவில்லை. ஏற்றமில்லை, இறக்கமில்லை. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

இவளுக்குக் கண் கலங்கியது.

வித்தை இல்லாமல் சொன்னால் இவள் நம்புவாள் என்று தெரிந்தே சொல்லியிருக்கலாம். இவளை அவ்வளவு தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

படத்தில் எது வருகிறது என்று கேட்டாள். முதல் டேக்தான் மேடம், ரெண்டாவது சப்பென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் என்றான் ஜெபராஜ். அதை அழித்துவிடப் போகிறானாம்.

முதல் டேக் ஓடியது. தொண்டை அடைத்தது. வசனம் முடிந்த அடுத்த நொடி இவள் சிரித்தாள். சீமாட்டியின் தோள் குலுங்கலுக்கு இம்மி பிசகவில்லை. ஜெபராஜ் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். வேலை முடிந்தது.

இவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"ரெண்டாவதையும் போடுங்க தம்பி. அதுக்கும் ஒண்ணு எடுத்துருவோம்."

அது படத்துக்கு வேண்டாமே என்றான். தெரியும் என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் வந்தான், சொன்னான், முடித்தான். திரையில் சீமாட்டி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மைக்குக்கு மிக அருகில் போய், இவள் "ம்" என்றாள்.