தொட்ட தட்டுகள்

ஆரத்தித் தட்டுகளோடு வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்ததும், இரண்டு பெரிய கட்சிகளையும் எதிர்த்துச் சட்டமன்றத்துக்கு நிற்கும் வடிவாம்பாள், தனக்குத்தான் என்று நினைத்து வேனிலிருந்து இறங்கித் தலையைக் குனிந்தாள்.

முதல் தட்டு பின்னுக்குப் போனது. “இது எம்மெல்லேவுக்கு. ஓட்டப் பிரிக்க வந்தவளுக்கு ஆரத்தி ஒண்ணுதான் கொறச்சல்,” என்றாள் நாத்தனார் சரசு. வரிசையே சிரித்தது.

வடிவாம்பாள் சரசுவின் தட்டில் விரலைத் தோய்த்துத் தன் நெற்றியில் தானே பொட்டு வைத்துக்கொண்டாள். பிறகு அடுத்த தட்டில். அதற்கடுத்ததில்.

“பொட்டு வச்ச தண்ணிய அவருக்கு எப்படிடி சுத்துறது? கீழதான ஊத்தணும்,” என்று சரசு கத்தினாள்.

“ஊத்துங்க.”

எம்.எல்.ஏ.வின் ஜீப் தெருவுக்குள் திரும்பியபோது, கொட்டிய ஆரத்தி எங்கும் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நெற்றிப் பொட்டுகளிலிருந்து மூக்கின்மேல் வடிந்த சிவப்பைத் துடைக்காமல், நடுத்தெருவில் நின்று அவருக்குக் கைகூப்பினாள் வடிவாம்பாள். டிரைவர் பிரேக்கை மிதித்தான்.